ஆளில்லாத வீட்டில் அப்பா

எலெக்ட்ரானிக் சிட்டி,
பெங்களூரு.
ஏப்ரல், வெள்ளிக்கிழமை

அன்புள்ள தருணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் சிந்துவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், அப்பா இருக்கிறார். இருவரையும் ஒரே சொல்லில் அடக்க இந்த முறை கை வரவில்லை. கால்கரியில் இன்னும் பனி கொட்டுகிறது என்று சிந்து படம் அனுப்பியிருந்தாள், அப்பாவுக்குக் காட்டினேன், நன்றாக இருக்கிறது என்றார். இங்கே வெயில் முப்பத்தாறைத் தொட்டுவிட்டது, எதிர் பிளாக்கில் பால்கனிச் செடிகளெல்லாம் கருகிக் கிடக்கின்றன. தினமும் போனில் பேசுகிறோமே, எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பாய். பேசும்போது அப்பா பக்கத்தில் இருக்கிறார், எழுந்து வேறு அறைக்குப் போனால் எதையோ மறைக்கிறேன் என்று தெரிந்துகொள்வார், கை கால்தான் போயிற்றே தவிர அவருக்குக் காது மிக நன்றாக வேலை செய்கிறது. அதனால் சமையலறையில் உட்கார்ந்து எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். நிதானமாகப் படி, ஆனால் இன்றே படி.

ஏசிக்கு நீ டிசம்பரில் வந்து மாட்டிய வெள்ளைப் பெட்டியைப் பற்றித்தான். ஸ்கூட்டரிலிருந்து விழுந்த பிறகு அப்பாவுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு மட்டுமல்ல, வியர்வையும் நின்றுவிட்டது, அறை சூடானால் உடம்பும் கூடவே சூடாகும், இருபத்துநாலைத் தாண்ட விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில் நின்றாய். அதற்காகவே அதை வாங்கினாய். வாயால் சொன்னால் கேட்கும், அறையின் சூடு கால்கரியில் உன் போனில் தெரியும், தானாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றாய். தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லப்பட்ட எதையும் நான் முப்பது வருட வாத்தியார் உத்தியோகத்தில் நம்பியதில்லை, ஆனால் நீ மாட்டியது என்பதால் நம்பினேன். மார்ச்சில் அது நினைத்தபோது அணைய ஆரம்பித்தது. எலெக்ட்ரீஷியன் வந்து இன்வெர்ட்டரைக் குறை சொன்னார், ஏசி மெக்கானிக் வந்து கேஸ் குறைந்திருக்கிறது என்றார், அவரவர் கையில் இருக்கும் மருந்துக்கு ஏற்ற வியாதியை அவரவர் கண்டுபிடித்துவிட்டுப் போனார்கள். நீ அங்கேயிருந்து போனில் பார்த்து, காலை வேளைகளில், அப்பாவைக் கவனிக்க வைத்த அலெக்சாண்டர் இருக்கும்போதுதான் அணைகிறது என்றாய். அலெக்சாண்டருக்கு அந்தக் குளிர் ஆகாது, மங்கி குல்லாய் போட்டுக்கொண்டுதான் அப்பாவுக்கு உடம்பு துடைப்பான். நான் கடைக்கும் வங்கிக்கும் போகிற நேரம் அது, வீட்டில் இருப்பது அவனும் அசைய முடியாத ஒரு மனிதரும், ஆகவே குற்றவாளி யார் என்பதில் நமக்குச் சிரமமே இருக்கவில்லை. வீடியோவில் நீ அவனைக் கேட்ட கேள்விகளை நான் இங்கே திரும்ப எழுதவில்லை, உனக்கு நினைவிருக்கும். தானா அணையுதுக்கா, ஸ்வல்ப யோசிங்க, எனக்குக் குளுருனா குல்லா இருக்கே, சாருக்கு ஏன் அணைக்கப் போறேன், அணைஞ்சா நான்தானே ஈரத்துணி போடறேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னான். நான் உன் முகத்தைப் பார்த்தேன். அப்பா, அவன் இல்லடா தருண், அவன் இல்ல என்றார், இளகிய மனசு என்று அதையும் தள்ளிவிட்டோம். மறுநாளிலிருந்து அவனை வரவேண்டாம் என்றேன்.

அவன் போன பிறகு அப்பாவுக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்ததை நீ அறிவாய், காரணத்தை அறியமாட்டாய். சிறுநீரில் தொற்று என்று ஒரு மருந்து, அது கேட்கவில்லை என்று இன்னொரு மருந்து, ரத்தம் எடுத்தார்கள். நோயாளிக்குச் சூடேறினால் நோயாளியைத்தான் சோதிப்பார்கள், அறையை யாரும் சோதிப்பதில்லை. நானும் மருந்துக் கடைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தால் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அவனை அனுப்பிய பிறகு நீயும் போனில் பார்ப்பதை விட்டுவிட்டாய், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. போன வாரம் அவர் நெற்றியில் கை வைத்தபோது தோசைக்கல் மாதிரி இருந்தது, பேச்சு குழறியது, என்னைப் பார்த்து டீச்சர் என்று கூப்பிட்டார். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவர் தெளிந்த பிறகுதான் சுவர் இன்னும் சுட்டுக்கொண்டிருப்பது கையில் பட்டது. பெட்டிக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். வெங்கி என்று ஒரு பையன், நல்ல தமிழ்ப் பையன், பொறுமையாகப் பேசினான். வீட்டில் எத்தனை பேர் மேடம் என்றான், இரண்டு பேர் என்றேன். இல்ல மேடம், சிஸ்டத்துல ஒரு மெம்பர்தான் காட்டுது, உங்க போன் மட்டும்தான், நீங்க கேட்டைத் தாண்டினா வீடு காலின்னு எடுத்துக்கிட்டு ஏசியை ஆஃப் பண்ணிடும், திரும்பி வரும்போது முன்னாடியே ஆன் பண்ணிடும், மின்சாரம் மிச்சமாகும் மேடம், நல்ல ஃபீச்சர் என்றான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போயிருக்கிறேன், தருண். படுத்த படுக்கையாய் இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள், உள்ளே போய்ப் பார்த்து எழுதுங்கள் என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்வார்கள். இந்தப் பெட்டிக்கு அந்தப் பயிற்சி இல்லை. வெளியே போகக்கூடியவர்களைத்தான் அது வீட்டில் இருப்பவர்களாகக் கணக்கிடுகிறது. அப்பாவின் போனை நீதான் அணைத்து பீரோவில் வைத்தாய், தொட முடியாத பொருள் கண் முன்னால் இருக்க வேண்டாம் என்று, நல்ல எண்ணத்தில்தான் வைத்தாய். அதோடு அவர் இந்த வீட்டிலிருந்து போய்விட்டார்.

இனி எழுதுவதுதான் போனில் சொல்ல முடியாதது. வாயால் சொன்னால் கேட்கும் பெட்டி ஆயிற்றே, அணைந்ததும் போடச் சொல்லியிருக்கலாமே என்று அப்பாவைக் கேட்டேன். சொன்னேன் என்றார். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் குளிர்விக்க இயலாது என்று இங்கிலீஷில் பதில் சொல்லிற்றாம், அதுவும் ஒரு பெண் குரலில், ரொம்ப மரியாதையாக. நான் இருக்கேன்னு அதுகிட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் ராதா, அது ஒத்துக்கல என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். நீ போனா அணையுது, வந்தா ஓடுதுன்னு அலெக்சாண்டர் போன பிறகு கண்டுபிடிச்சேன், சொல்லியிருந்தா நீ வெளியவே போக மாட்டே, நாள் பூரா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே என்றார். எனக்காகப் பொறுத்துக்கொண்டாரா, அல்லது அப்படியே ஒருநாள் சூடேறி எல்லாம் முடிந்துவிட்டால் நல்லது என்று பேசாமல் இருந்தாரா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. முதல் பதிலைத்தான் சொல்வார், அதை நான் நம்ப வேண்டிவரும்.

பெட்டியைப் பிடுங்கிவிட்டு ரிமோட்டில் ஓட்டலாமே என்பாய். பிடுங்கினேன். சாயங்காலமே அப்பா திரும்ப மாட்டச் சொன்னார். குளிரைக் கூட்டு, குறை என்று அவர் சொல்லி உடனே நடக்கிற காரியம் இந்த வீட்டில் அது ஒன்றுதான், மற்ற எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் என் போனை அவர் தலையணையருகே வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன். இப்போது ஏசி அணைவதில்லை. ஆனால் அவருக்கு ஏதாவது ஆகிப் பெட்டியிடம் அம்மாவைக் கூப்பிடு என்றால், அவர் காதருகேயே மணி அடிக்கும். செவ்வாய்க்கிழமை நீ இரண்டு தடவை கூப்பிட்டு யாரும் எடுக்கவில்லையே என்று கோபித்தாய், அப்போது நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், அப்பாதான் உன் பெயரைத் திரையில் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஆகவே நீ செய்ய வேண்டியது. உரிமையாளர் என்று உன் பெயர் இருப்பதால் இந்த ஏற்பாட்டை நீ ஒருவன்தான் மாற்ற முடியும் என்கிறான் வெங்கி. ஆளில்லாவிட்டால் அணைப்பது என்ற விதியை முதலில் நிறுத்து. அதோடு விட்டுவிடாதே, அப்பாவின் போனை எடுத்துச் சார்ஜ் போட்டிருக்கிறேன், அதைச் சேர்த்து அவரையும் ஓர் ஆளாகப் போடு, உன் சம்மதம் கேட்டு உனக்கு ஒரு செய்தி வரும். அலெக்சாண்டருக்குப் போன் செய். நான் பேசினேன். அடுகோடியில் ஒரு வீட்டில் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டான், சாருக்கு ஜொரம் விட்டுச்சாக்கா என்றுதான் முதலில் கேட்டான். திருடன்னு சொல்லியிருந்தாக்கூடத் தொடச்சிட்டுப் போயிருப்பேன்க்கா, சாரை வேக வெச்சேன்னு சொல்லிட்டாரே உங்க பையன் என்றான். என்னால் ஒரு ஆளாக அப்பாவைப் புரட்ட முடியவில்லை, இடுப்பில் புண் ஆரம்பித்திருக்கிறது. அவன் திரும்பி வராவிட்டாலும் நீ பேசத்தான் வேண்டும்.

உங்களைச் சேர்க்கச் சொல்லித் தருணுக்கு எழுதுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். சேக்கறதுக்கு அவன்தான் வேணும்னா, அப்புறம் என்னை அதுலேருந்து எடுக்கறதுக்கும் அவன்தான் வேணுமா என்றார். ஆமாம் என்றேன். அதையும் அங்கேருந்தே செஞ்சிடலாமா, இல்ல வந்துதான் செய்யணுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் அவரிடமே சொல்.

நீயும் சிந்துவும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். பனியில் வண்டியை வேகமாக ஓட்டாதே. படித்ததும் அந்தச் சம்மதத்தை அழுத்திவிட்டுத் தூங்கு. மருந்து தீர்ந்துவிட்டது, நாளைக் காலையில் நான் போனோடு வெளியே போக வேண்டும்.

உன் அம்மா,
ராதா பெருமாள்சாமி