குறைந்தால் நிறுத்திவிடு

அப்பா,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். பகலெல்லாம் ஜெனி என் மடியை விட்டு இறங்கவில்லை. ஊசி குத்திய கையைத் தலையணைமேல் வைத்தபடி இப்போதுதான் தூங்கினாள். அடுத்த மருந்தை ஏற்ற நர்ஸ் வரும்வரை எனக்கு உறக்கமில்லை.

பக்கத்தில் நீங்கள் மருந்து போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பா இருக்கிறது. பிள்ளைக்கு வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டதும், அம்மா ஊருக்குப் போய் டப்பாவையே தூக்கி வந்துவிட்டாள். திறந்தேன். தைலமும் சோப்பும் கலந்த வாசனை. நீங்கள் மஸ்கட்டிலிருந்து வந்து பெட்டியைப் பிரிக்கும் நாளின் வாசனை.

அப்போதெல்லாம் நம் தேங்காய்ப்பட்டணம் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். "கல்ஃப் டாக்டரு வந்தாச்சு, இனி ஆஸ்பத்திரியப் பூட்டிரலாம்" என்று கேலி பேசிக்கொண்டே பக்கத்து வீட்டு மாமா பல்வலிக்குக் கை நீட்டுவார். "கம்பெனி மருந்தாக்கும், கேட்டியா? ரெண்டு நாளு தின்னு. கொறஞ்சா நிறுத்திரு. மிச்சத்தப் பத்திரமா வையி" என்பீர்கள். உங்கள் சாவுக்கு வந்தவர்களெல்லாம் அந்த மருந்தைச் சொல்லித்தான் அழுதார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை இப்போது என் பிள்ளையின் கண் அனுபவிக்கிறது.

இமையில் கொசுக்கடிபோல ஒரு சிவப்பு, அவ்வளவுதான். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா கேப்ஸ்யூலைப் பிரித்து, பாதித் தூளைத் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறாள். இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. நிறுத்திவிட்டாள். மிச்சத்தைப் பத்திரமாக வைத்தாள். அடுத்த வாரம் காய்ச்சல் வந்து கண் மூடிக்கொண்டது. இமையை விரித்துப் பார்த்தால் விழி பிதுங்கி, திரும்பாமல் நிற்கிறது. ஸ்கேனில் கண்ணுக்குப் பின்னால் சீழ்.

"அரைகுறை மருந்துல வெளிய அடங்கின மாதிரி காட்டியிருக்கு, உள்ள அடங்கல. பார்வையப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

வராந்தாவில் வைத்து அம்மாவிடம் கத்தினேன். அவள் அழவில்லை. "அப்பா இருந்தா இதத்தான் குடுத்திருப்பாரு" என்றாள். உண்மைதானே அப்பா?

இன்று டாக்டர் காட்டிய டார்ச் வெளிச்சத்தைத் தொடர்ந்து விழி லேசாக நகர்ந்தது. ஊசி இன்னும் பல நாள் போட வேண்டும், வீட்டுக்குப் போனாலும் சிரப்பை முழுவதும் கொடுத்து முடிக்க வேண்டும் என்றார் டாக்டர். அவர் தலை மறைந்ததுமே அம்மா தொடங்கிவிட்டாள். "கொறஞ்சாச்சுல்லா மக்ளே? பிள்ளைக்க கை வீங்கிக் கெடக்கு. ஊசிய நிறுத்தச் சொல்லேன்."

மாத்திரைகளை நர்ஸிடம் கொடுத்துவிட்டேன். டப்பா காலி. உங்கள் சொல்லை எங்கே கொண்டு கொட்டுவது? ஊசிக்காகக் கையைப் பிடிக்கும்போது ஜெனி வீரிட்டு அழுகிறாள். அப்போது எனக்குள்ளும் அதே சொல்தான் கேட்கிறது.

நான் எவ்வளவு படித்திருந்தாலும் அம்மா கேட்கமாட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். குறைந்தாலும் நிறுத்தாதே என்று ஒரு வரி போதும். சின்ன வயதில் மஸ்கட்டுக்கு எழுதும் கடிதங்களின் கடைசியில் கேட்பேனே, அதையேதான் இப்போதும் கேட்கிறேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள், அப்பா.