ஊற்றுவதற்கு முன் ஒரு மடக்கு

ஓய், முதலில் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். நம் சமூக அறிவியல் சார் என்றைக்காவது ஒருநாள் நீர் இருக்கிற இடத்துக்கு வந்துதானே ஆகவேண்டும். வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் கூட்டிக் குறைத்து உம்மிடம் ஓதுவார்.

நேற்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் என் பேன்ட் நனைந்துவிட்டது. முன்பக்கம். ஐம்பதைத் தாண்டிய ஆளுக்கு அந்த இடத்தில் நனைந்தால் தண்ணீர் கொட்டியது என்று யார் நம்புவார்கள்? வருகைப் பதிவேட்டை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு வராந்தாவில் பைய நடந்துபோனேன். எதிரே சமூக அறிவியல் சார். "என்ன அண்ணாச்சி, அவசரமோ?" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் சத்துணவுக் கூடம்வரை சேதி போய்ச் சேர்ந்தது. சாம்பார் ஊற்றுகிற அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஓர் இரக்கம்.

எல்லாம் உம்முடைய தகரப் பெட்டியால் வந்தது. இப்போது மேசைமேல், எனக்கு எதிரேதான் இருக்கிறது. சரியாகத் துடைக்கவில்லை. ஈரத் தகரத்தின் வாடை அடிக்கிறது. அந்த வாடையில்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நீளம் பத்து, அகலம் பத்து, உயரம் பத்து சென்டிமீட்டர். மூடி கிடையாது. மேலப்பாளையத்தில் தகரக் கடை வைத்திருக்கும் உம் மச்சானிடம் சொல்லிச் செய்து வாங்கி வந்தீர். பாபநாசம் வண்டியில் அதை மடியில் வைத்துக்கொண்டு நீர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, "என்ன வே, உண்டியலா?" என்று கேட்டேன். "இது உம்ம மண்டை வே. ஒரு லிட்டர் பிடிக்கும், ஆனா உள்ள ஒண்ணும் கெடையாது" என்றீர். சேரன்மகாதேவி வருகிறவரைக்கும் நடத்துனர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

கணக்குப் பாடத்தில் ஆறும் ஏழும் எனக்கு, எட்டு உமக்கு. இடையில் ஒரு மூங்கில் தட்டிதான் சுவர். என் வகுப்பில் என் குரலைவிட உம் குரல்தான் அதிகம் கேட்கும். புறப்பரப்பும் கனஅளவும் நடத்துகிற நாளில் என் பிள்ளைகள் தட்டியின் ஓட்டையில் கண்ணை வைத்துக்கொள்வார்கள். நான் அதட்டுவேன். அதட்டிவிட்டு நானும் ஓர் ஓட்டையில் கண்ணை வைத்துக்கொள்வேன்.

"ஏலே, நல்லாக் கேளுங்க. புறப்பரப்புங்கது சட்டை. கனஅளவுங்கது வயிறு. சட்டைக்குத் துணி எவ்வளவு வேணும்? அது சதுர சென்டிமீட்டர். வயித்துக்குச் சோறு எவ்வளவு வேணும்? அது கன சென்டிமீட்டர். சந்தேகம் இருந்தா பக்கத்து வகுப்பு சாரப் போய்ப் பாருங்க. சட்டை பத்தாம வயிறு வெளிய நிக்கும்."

நாற்பது தலைகள் தட்டிக்கு மேலே எம்பும். நான் மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொள்வேன். இன்றைக்கும் ஒரு பிள்ளை கனஅளவுக்குச் சதுர சென்டிமீட்டர் என்று எழுதினால், சிவப்புப் பேனாவை எடுப்பதற்குமுன் என் கை சட்டைப் பொத்தானுக்குத்தான் போகிறது.

அதற்கப்புறம் பெட்டி வரும். ஒரு லிட்டர் பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர். பத்துப் பெருக்கல் பத்துப் பெருக்கல் பத்து ஆயிரம், ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "நம்புதியா, நம்பலயா?" என்று கேட்பீர். பாதிப் பேர் நம்பமாட்டார்கள். இத்துணூண்டு பெட்டிக்குள் அவ்வளவு தண்ணீர் எப்படி? நீர் பாட்டிலைத் திறந்து, தலையை அண்ணாந்து ஒரு மடக்குக் குடிப்பீர். புறங்கையால் மீசையைத் துடைத்துக்கொண்டு ஊற்ற ஆரம்பிப்பீர். கடைசிச் சொட்டு விழும்போது தண்ணீர் பெட்டியின் விளிம்பில் வந்து நிற்கும். சிந்தாது. குறையாது. வகுப்பு கைதட்டும். ஓட்டையில் கண்ணை வைத்திருக்கும் என் பிள்ளைகளும் சேர்ந்து தட்டுவார்கள்.

அந்த ஒரு மடக்கை வைத்து உம்மை எவ்வளவு கேலி பண்ணியிருக்கிறேன். பிற்பாடு நீர் பேருந்தில் குடித்தீர், பிரேயரில் குடித்தீர், பாடவேளைக்குப் பாடவேளை பின்பக்கம் ஓடினீர். "வே, உம்ம நிரப்பவும் முடியல, காலி பண்ணவும் முடியல" என்றேன். ஆசிரியர் அறை முழுக்கச் சிரித்தது. நீரும் சிரித்தீர். தினமும் உம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் நான்தான். சிரிக்க வைத்தவனும் நான்தான்.

சர்க்கரை கண்டபடி ஏறி, இரண்டு சிறுநீரகமும் போன பிறகுதான் உம்மை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பார்க்க வந்தேன். "இந்தத் தாகந்தாம்ணே மொத அடையாளமாம். டாக்டர் கேக்காரு, இத்தன வருசமாக் கூட இருக்கவங்க யாருமா கவனிக்கலன்னு" என்று உம் வீட்டம்மா சொன்னார்கள். என்னைக் குறை சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார்கள். ஆனாலும் நான் ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

உமக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுத்தார்கள். உயரமான, ஒல்லியான ஓர் எவர்சில்வர் தம்ளர். "உயரத்தப் பாத்து ஏமாந்துரக் கூடாது வே, ஆரத்தப் பாரும். எம் பொண்டாட்டி உருளையில என்னைய ஏமாத்துதா" என்றீர்.

"அண்ணே, நீங்களும் சேந்து சிரிக்காதீங்க. நேத்து வாய் கொப்பளிக்கக் குடுத்த தண்ணிய முழுங்கிட்டாவ" என்றார்கள் அவர்கள்.

உம் கால்கள் வீங்கி மினுங்கின. போர்வையை விலக்கிக் காட்டினீர். "பாத்தீரா, சட்டை பெருசாயிட்டு. வயிறு சின்னதாப் போச்சு." அதற்கு நான் ஏதோ பதில் சொன்னேன். என்னவென்று நினைவில்லை. வேடிக்கையாக இருந்திருக்காது.

அன்றைக்கு என்னிடம் இரண்டு கேட்டீர். முதலாவது: "பெட்டிப் பாடத்துல மட்டும் நீரு கை வச்சிரக் கூடாது. நான் வந்து எடுத்துக்கிடுதேன், இன்ஷா அல்லா."

இரண்டாவதை, உம் வீட்டம்மா மருந்து வாங்கக் கீழே போனபிறகு கேட்டீர். "ஒரு மடக்கு வே. ஊத்துறதுக்கு முந்திக் குடிப்பேன்லா, அந்த ஒரு மடக்கு."

என் தோள்பையில் பாட்டில் இருந்தது. உமக்கும் அது தெரியும். "நீரு வகுப்புக்கு வந்து குடியும். பெட்டியத் துடைச்சு வைக்கேன்" என்றேன். நீர் சிரிப்பீர் என்று பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்.

முதலாவதைக் காப்பாற்றினேன். எட்டாம் வகுப்பும் என் தலையில்தான் விழுந்தது. புள்ளியியலை முன்னால் இழுத்தேன். இயற்கணிதத்தை இரண்டு தரம் நடத்தினேன். தலைமையாசிரியர், "அளவியல் எங்க சார்?" என்று கேட்கும்போதெல்லாம், "வந்துகிட்டே இருக்கு சார்" என்றேன். வரவில்லை.

உங்கள் வழக்கில் பெட்டியோடு அடக்குவதில்லை என்று உம்மை அடக்கிய அன்றுதான் எனக்குத் தெரியும். சந்தூக்கு என்கிற பள்ளிவாசல் பெட்டியில் வைத்துத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப் போனோம். உம்மை வெள்ளைத் துணியோடு இறக்கிவிட்டு, சந்தூக்கைப் பள்ளிவாசலுக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். போகும்போது ஆறு பேர் தூக்கியதை இரண்டு பேர் இலேசாகத் தூக்கிப் போனார்கள். உயிரோடு இருந்திருந்தால் அதை வைத்தே ஒரு கணக்குப் போட்டிருப்பீர். நான் ரோட்டோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று வேறு வழியில்லாமல் உம் பாடத்தை எடுத்தேன். சட்டை சொன்னேன், வயிறு சொன்னேன். உதாரணத்துக்குப் பக்கத்து வகுப்பில் ஆளில்லாததால் என்னையே காட்டினேன். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி வைத்திருந்தேன். மூடியைத் திறந்தேன். குடிக்கத் தோன்றவில்லை. அப்படியே ஊற்றினேன். விளிம்பைத் தாண்டி வழிந்தது. பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கினேன். மிச்சமும் என்மேல் சாய்ந்தது.

பிள்ளைகள் சிரித்து ஓய்ந்தபிறகு, முதல் பெஞ்சில் இருக்கும் முத்துலட்சுமி எழுந்தாள். "சார், நீங்க மொத ஒரு மடக்குக் குடிக்கணும் சார். எங்க அக்கா சொல்லிருக்கா. அந்த சாரு குடிச்சிட்டுத்தான் ஊத்துவாவளாம்."

ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். விடியும்போது எனக்கு விளங்கிவிட்டது. உம் மச்சான் உள்ளளவு, வெளியளவு பார்க்காமல் பெட்டியை ஒரு மடக்குக் குறைத்துச் செய்துவிட்டார். நீர் அதைக் கண்டுபிடித்தீர். அவரையும் காட்டிக்கொடுக்காமல், பிள்ளைகளின் ஆயிரத்தையும் பொய்யாக்காமல், அதிகப்படியை உம் வாயில் வாங்கிக்கொண்டீர். அப்படியென்றால் அந்த மடக்கு தாகமே இல்லை, வே. கணக்கு. தட்டி ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு, நான் பார்த்தும் பார்க்காமல் விட்டது நோயை இல்லை.

இந்த நினைப்பு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இனி வருடாவருடம் நானும் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் ஊற்றுவது என்று முடிவு செய்தேன். உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றாவது இருக்கட்டும். மடலை இங்கேயே முடித்திருக்க வேண்டும்.

ஒரு வருடம் இந்தப் பாடம் நோன்பு மாதத்தில் வந்தது. அன்றைக்குப் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பாமல், அதற்குக் கீழே இருக்கும் லிட்டர்க் கோடுவரை மட்டும் நிரப்பிக் கொண்டுவந்து, ஒரு சொட்டும் குடிக்காமல் ஊற்றினீர். தண்ணீர் சரியாக விளிம்பில் வந்து நின்றது. பெட்டியில் ஒரு மடக்கும் குறைவில்லை, வே. ஓட்டை வழியாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.