ஏழாவது எண்

ஜூன் 3, செவ்வாய்
கண் எரிகிறது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தின் கடைசி மெய்ப்பு, அச்சுக்கு முன் பிழை பார்க்க வந்தது. 41ஆம் பக்கம்: “சம இடைவெளியில் ஏழு பகா எண்கள்: 7, 37, 67, 97, 127, 157, 187.” கையெழுத்துப் பிரதியிலும் அப்படியே இருந்தது. சரி என்று குறி போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கக் கிளம்பியவள், பாதியில் திரும்பி வந்தேன். பதினொன்றைப் பதினேழால் பெருக்கினால் 187 வருகிறதே! பகா எண்ணாம், பகா எண்.

ஜூன் 4
பதிப்பக மேலாளரிடம் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீங்க எழுத்தப் பாருங்க. எண்ணெல்லாம் எழுதினவர் பாத்துக்குவார்.” புத்தகம் எழுதிய ஆசிரியரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்தால் வேறு வேலை தேடிக்கொள்ளலாமாம். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கல்லூரியில் கணக்கைப் பாதியில் விட்டவள் நான். எனக்கென்ன வந்தது? — பிள்ளைகள் படிக்கிற புத்தகமாயிற்றே, எப்படி விடுவது?

ஜூன் 5
தப்பைக் காட்டினால் போதுமா? வேறு ஏழு எண்களுக்கு எங்கே போவது? 7இல் தொடங்கினால் இடைவெளி 30, 60, 90 என்றுதான் போகவேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஏதாவது ஒன்று 2, 3, 5இல் வகுபட்டுவிடும். 60 போட்டேன், நான்காவதாக மறுபடி 187. 90 போட்டேன், மூன்றாவதிலேயே 187. சனியன், விடாது போல. 120 போட்டால் 247 — பதிமூன்றில் வகுபட்டது.

150.

7, 157, 307, 457, 607, 757, 907.

காலைச் சாப்பாடு ஆறிக்கிடந்தது. என் வீட்டுக்காரர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, துணியில் கோடு போடும் சாக்கட்டியால் மேஜையிலேயே 907ஐ வகுக்க ஆரம்பித்தார். 29 வரைக்கும் விடவில்லை. “எதுலயும் போகலம்மா. கெட்டிக்காரி நீ.” அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

ஜூன் 6
மேலாளர் எதிரில் இருக்கும்போதே ஆசிரியருக்குப் போன் போட்டேன். வேலை போனால் போகட்டும். 187 என்றதும் “பதினொண்ணு, பதினேழு” என்று பெருக்கிப் பார்த்தார். ஆறோடு நிறுத்தியிருக்க வேண்டும், ஆசையில் ஏழாவதைச் சேர்த்துவிட்டேன் என்றார். அடுத்து வரும் பயிற்சி முழுக்க ஏழு எண்களை நம்பித்தான் இருக்கிறது, பாடத்தையே எடுத்துவிடலாமா என்று புலம்பினார்.

“ஏழு இருக்குங்க. எழுதிக்கிறீங்களா?”

சொல்லச் சொல்ல எழுதினார். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு, “நீங்க யாரும்மா?” என்றார்.

“மெய்ப்புத் திருத்துறவங்க.”

மேலாளர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 9
வேலை போகவில்லை. மேலாளர் பேசவும் இல்லை.

ஜூலை 2
புத்தகம் வந்தது. 41ஆம் பக்கத்தில் என் ஏழும் வரிசையாக நிற்கின்றன. நாலு முறை படித்தேன், பிழை தேடாமல்.

அலுவலக மேஜைமேல் அடுத்த கணக்குப் புத்தகத்தின் மெய்ப்புக் கட்டு இருந்தது. அதன்மேல் மேலாளர் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு: “எண்களையும் பார்க்கவும்.”