வயசுதான், அக்கா

14 ஜூன் 1998

மண்டி மொஹல்லாவில் ஒரு கடையின் மாடியில் எங்கள் கூட்டம். கீழே இருக்கும் கடைக்காரரைப் பொறுத்தவரை அது தையல் வகுப்பு. எச்.ஐ.வி. உள்ள பெண்கள் கூடிப் பேசுகிறோம் என்று தெரிந்தால் அன்றைக்கே பூட்டுப் போட்டுவிடுவார். எங்களில் பாதிப் பேருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது.

நாற்பதைத் தாண்டிய எங்களுக்கு உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று ஆய்வாம். கேள்வி கேட்பவர்களும் நாங்களே, பதில் சொல்பவர்களும் நாங்களே. நடத்துகிற மேடம் எடுத்த எடுப்பில், "அறுபது வயசில எப்படி இருக்க ஆசை?" என்றார். நாச்சம்மாள் அக்கா, "அறுபதா? மொதல்ல இந்தத் தசராவத் தாண்டறனான்னு பாக்கலாங்க" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். மேடத்தின் முகம்தான் செத்துப்போயிற்று.

அக்கா என் சொந்த ஊரான கௌதள்ளிக்காரி. மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளுகிறாள். இந்தக் கன்னட ஊரில் எனக்குத் தமிழில் மனசு விட்டுப் பேச அவள் ஒருத்திதான்.

27 ஜூன்

மூன்று மாதமாகத் தீட்டு வரவில்லை. ராத்திரியில் ரவிக்கை நனைகிற அளவுக்கு வியர்வை. செத்துப்போன என் வீட்டுக்காரருக்கும் இப்படி வியர்வையில்தான் ஆரம்பித்தது. எனக்கும் முற்றிவிட்டதா - அவ்வளவுதானா?

3 ஜூலை

நான் வேலை பார்க்கும் ஹெப்பாள் கேன்டீனில் தட்டு கழுவும்போதும் அதே நினைப்பு. மகள் சக்தியை அண்ணன் வீட்டில் விட வேண்டும். அவ பத்தாவது முடிக்கிற வரைக்குமாவது என்னை விட்டுவைக்கக்கூடாதா? யாரைக் கேட்கிறேன் நான்?

9 ஜூலை

டாக்டரம்மா சோதித்துவிட்டுச் சிரித்தார். "இது நோய் இல்லம்மா. தீட்டு நிக்கிற வயசு உனக்கு."

நாற்பத்தாறு. எனக்கு வயசாகிறது! ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். கிழவியாகப் போகிறோம் என்று எவளாவது இப்படிச் சந்தோஷப்பட்டிருப்பாளா? மல்லிகை வாங்கிவந்து சக்தி தலையில் வைத்தேன். எதற்கு என்றாள். சும்மாதான் என்றேன்.

16 ஆகஸ்ட்

இன்றைய கூட்டத்தில் ஆய்வுக்காக அக்காவிடம் கேள்வி கேட்டது நான். இளைத்திருக்கிறாள். "ராத்திரியானா வேத்து ஊத்துது அம்மிணி. இருமல் வேற."

"இருமல் மிளகா நெடி. மத்ததெல்லாம் வயசுதான், அக்கா. எனக்கும் இப்படித்தான். டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க" என்றேன்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்ப அறுபதுக்கு ஒரு பதில் சொல்லோணுமல்ல? பஸ்ஸுல ஏறுனா எவளாச்சும் 'பாட்டி, உக்காருங்க'ன்னு எந்திரிச்சு எடங் குடுக்கோணும். எழுதிக்க கண்ணு."

21 செப்டம்பர்

நேற்றைய கூட்டத்துக்கு அக்கா வரவில்லை. அவள் அறைக்குப் போனால், பாயில் சுருண்டு கிடக்கிறாள். தலைமாட்டுத் துணியில் ரத்தம். "ஏன் அக்கா டாக்டர்கிட்ட போகல?" என்றேன்.

"நீதான கண்ணு வயசுன்னு சொன்ன."

இன்று ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காசநோய், இரண்டு நுரையீரலிலும். முதலிலேயே வந்திருந்தால் மருந்திலேயே குணமாகியிருக்குமாம்.

29 செப்டம்பர்

அக்கா போய்விட்டாள். ஊரெல்லாம் தசரா விளக்கு.

1 அக்டோபர்

டாக்டரம்மா சொன்னது என் உடம்பைப் பற்றி. அதை எடுத்து அவளுக்கு மருந்தாகக் கொடுத்தேன். என்னடி தெரியும் உனக்கு? வாயை மூடிக்கிட்டு ஒரு தடவை கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல? இருமல்னு அவளே சொன்னாளே, பாவி.



16 நவம்பர்

நேற்றைய கூட்டத்தில் புதிதாக வந்த ராணி, "ராத்திரியில வேர்க்குது. உங்களுக்கும் அப்படித்தானாமே? வயசுதானேக்கா?" என்றாள். "நாளைக்குக் காலையில தயாரா இரு" என்றேன்.

இன்று கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஒரு காலேஜ் பெண் என் நரைத்த தலையைப் பார்த்து, "அஜ்ஜி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் சொல்லி, எழுந்து இடம் கொடுத்தாள். என்னை யாரும் பாட்டி என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

அக்கா கேட்ட இடம். ராணியை அதில் உட்கார வைத்துவிட்டு நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.