அப்பா முதலில் பிடிக்கும் கை

ஜெர்லின்,

கார் சாவியைத் தேடாதே. அப்பாவை அழைத்துவர நானே விமான நிலையத்துக்குப் போகிறேன். நீ போவதாகத்தான் பேச்சு, தெரியும். வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

நேற்று நீ சொன்னாயே, "அக்கா, கண்ணு தெரியாத மனுஷன், என் குரலக் கேட்டாத்தான் பயப்படாம வருவாரு" என்று. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவரைக் கனடாவுக்கு வரவழைக்க மனுப் போட்டது நான். வருமானம் போதாதென்று இன்னொரு வேலைக்குப் போனது நான். இருபது வருஷம் அவர் என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டதும் நான். ஆனால் மணிலாவிலிருந்து போன் வந்தால், "பெரியவளா? சரி, சின்னவகிட்ட குடும்மா" என்பார். உனக்கு அவரோடு பாட்டுப் பாட நேரம் இருந்தது. எனக்கு இல்லை.

இன்று ஒரு நாளாவது அவர் என் கையை முதலில் பிடிக்கட்டும்.

மீன் புளிக்குழம்பு வைத்து இறக்கியிருக்கிறேன். அவருக்கு முள்ளை எடுத்துவை. வாசலில் கிடக்கும் உன் பனிக்காலணிகளை ஓரமாகப் போடு, தடுக்கி விழுந்துவிடுவார். நீ அவருக்கு வாங்கிய கோட்டை எடுத்துப் போகிறேன். யார் வாங்கியது என்று கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் சொல்லமாட்டேன்.

மரிதெஸ்

கதவுவரை போய்த் திரும்பி வந்து எழுதுகிறேன். என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஜெர்லினா?" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? நீயும் பஸ் பிடித்து வந்துவிடு. கொஞ்சம் மெதுவாக வா.