வாசல் நிலையில் கட்டிய ஓட்ஸ் கதிர்

அன்பு மகள் மேர்லினுக்கு,

தன்னாமுனையிலிருந்து அப்பா எழுதுவது. ஆண்டவர் காவலில் நாங்கள் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், மனதுக்கும் சுகமென்று எழுதினால் பொய்யாகிவிடும். அந்தக் குளிர்த் தீவில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க வேண்டுமென்று அம்மா தினமும் செபமாலை சொல்கிறா. நேற்றுப் போனில் நீ பேசினாய், நான் கேட்டேன். நான் பேசத் தொடங்கியதும் வைத்துவிட்டாய். ஆகவே எழுதுகிறேன். தம்பி ஜெனிஸ்டன் பாசிக்குடா ஹோட்டலிலிருந்து லீவில் வந்திருக்கிறான், இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். நீ பாதியில் நிறுத்தினாலும் மிச்சம் அங்கேயே கிடக்கும், கோபம் ஆறிய பிறகு படிக்கலாம்.

நடந்ததை முதலில் ஒழுங்காகக் கேள். அம்மா அழுதுகொண்டு சொன்னதும் அரைவாசி, நிலையத்துப் பிள்ளை தக்ஷாயினி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியதும் அரைவாசி. நீ இங்குள்ள விவசாயப் பரிசோதனை நிலையத்தின் மூலம் அனுப்பிய சின்ன ஓட்ஸ் பதினெட்டு வகை. கடையில் பெட்டியில் விற்கிற ஓட்ஸ் இல்லை இது, அதன் மெலிந்த தங்கச்சி, மணலிலும் உப்புக் காற்றிலும் வேறெதுவும் வராத இடத்தில் அந்தத் தீவுச் சனங்கள் விதைத்து வந்தது என்று நீதான் சொன்னாய். நம் வாவிக்கரை வயல் துண்டில் உவர் ஏறி இந்த முறை நெல் முழுக்கப் பதராகப் போகும் என்று எனக்கு முன்பே தெரியும், அதனால் அதன் மேட்டுப் பக்கத்தை விட்டுக்கொடுத்தேன். நிலையத்தார் கயிறு பிடித்து வரிசையாக விதைத்தார்கள், வரிசைக்கு ஒரு தகரத்தில் இலக்கம். மார்கழி வெள்ளத்தில் வாவித் தண்ணீர் உள்ளே வந்து நின்றது. பாதி அழுகியது, சில வகை புல்லாகவே நின்றுவிட்டது, நாலைந்துதான் கதிர் தள்ளியது. அதிலும் ஒன்றைப் போல் ஒன்றில்லை. ஒன்று கறுத்தது, ஒன்று சாம்பல் நிறம், ஒன்றுக்கு இறால் மீசை போல நீண்ட கூர், ஒன்றுக்குக் கூரே இல்லை. அதைத்தானே நீ தேடினாய், ஒரே பெயருக்குள் இத்தனை விதம் இருந்தால் வெள்ளத்துக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று நின்று பிடிக்கும் என்று.

மாசியில் புது விளைச்சலின் புதிர்ப் பூசை வந்தது. வழக்கம் உனக்குத் தெரியும், முதல் அறுத்த கதிரைப் பீடத்துக்குக் கொண்டுபோய், பாதர் ஆசீர்வதித்த பிறகு வீட்டுக்கு ஒரு பிடி பகிர்ந்து கொடுப்போம், அதை அவரவர் வாசல் நிலையில் கட்டி அடுத்த அறுவடை வரை வைத்திருப்பார்கள். இந்த வருடம் நம் நெல்லில் கட்ட ஒரு கதிர் இல்லை. வெறுங்கையோடு எப்படிக் கோயிலுக்குள் போறது என்று அம்மா கேட்டா. நான் அரிவாளை எடுத்துக்கொண்டு போய், நின்ற ஓட்ஸ் வரிசைகள் எல்லாவற்றிலும் அரிந்து ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்தேன். அம்மா மேல் ஒரு சொல் வரக் கூடாது, அரிந்தது நான். அந்தத் துண்டை விட்டு விதை வெளியே போகக் கூடாது என்று தக்ஷாயினி வாசித்துக் காட்டினாள், நானும் கையெழுத்து வைத்தேன், மறுக்கவில்லை. வெளியே என்றால் விற்பது, வேறு வயல் வட்டையில் விதைப்பது என்று விளங்கிக்கொண்டேன். கோயில் எனக்கு வெளியா? முதல் விளைச்சல் ஆண்டவருக்கு என்பது நான் கண்டுபிடித்த சட்டமும் இல்லை, உன் விதைக் காப்பகம் தொடங்க முன்பே எழுதப்பட்டது.

பாதர் தண்ணீர் தெளித்துப் பகிர்ந்தார். இது என்ன நெல்லு என்று கேட்டவர்களுக்கு, மகள் அனுப்பின தானியம், உப்புத் தண்ணிக்குள்ள நிண்டு விளைஞ்சது என்று அம்மா சொல்லிச் சொல்லிக் கொடுத்தா. அன்றைக்கு அவவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வளவுச் சீதேவிப்பிள்ளை சைவ சமயம் என்றாலும் வருடா வருடம் நம் கையால் ஒரு பிடி வாங்கிக் கட்டுவா, அவவுக்கும் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு கதிர் நிறுக்க வந்த தக்ஷாயினி வரிசைகளில் கதிர் குறைந்திருப்பதைக் கண்டாள். பிள்ளை நல்ல பிள்ளை, என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவாள், சத்தம் போடவில்லை, வரம்பில் குந்தியிருந்து அழுதாள். மறுநாள் பிளாஸ்ரிக் பைகளோடு வந்தாள். நான் செங்கலடிச் சந்தைக்குப் போயிருந்த நேரம் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகக் கேட்கப் போய்விட்டா. நான் வந்து இறங்கும்போது இரண்டு வீட்டுக் கதிர் பைக்குள் போய்விட்டது, சீதேவிப்பிள்ளையின் வாசலில் நின்றார்கள். அவ கதிரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, என்னைக் கண்டதும், அண்ணன், குடுத்தத திருப்பிக் கேக்கிற வழக்கம் உங்கட வீட்டில எப்ப வந்தது, நான் கட்டினதில தீட்டா கா என்று கேட்டா. மேர்லின், இந்த வயதுக்கு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதை அவிழ்த்த இடத்திலேயே கட்டுங்க என்று சொல்லிவிட்டு, மற்ற இரண்டு வீட்டுக் கதிரையும் பையிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். தக்ஷாயினி வெறும் பைகளை மடித்துக்கொண்டு போனாள். அம்மா அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை, சோற்றை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குள் இருந்துகொள்கிறா. ஜெனிஸ்டன் மட்டும், வெள்ளக்காரன் காலமைக்குப் பாலில போட்டுத் தின்னுறதுக்கு இஞ்ச ஒரு சண்டையா, மறுகா ஒரு பெட்டி வாங்கித் தாறன், எல்லாரும் சமாதானமாகுங்க என்றான்.

நீ போனில் சொன்னதை நான் தட்டவில்லை. சில வகையில் அந்தக் காப்பகத்திடமே ஒரு பிடிதான் மிச்சம் என்றாய். எல்லாம் ஒரே கட்டில் கலந்ததால் எந்தக் கதிர் எந்த வகை என்று தெரியாது என்றாய். ஒவ்வொரு கதிருக்கும் கணக்குச் சொல்லாவிட்டால் இனி இந்தப் பக்கத்துக்கு ஒரு மணியும் தர மாட்டார்கள், உன் வேலை இடமும் போகும் என்றாய். விதையோடு தெரியாத நோய் வந்திருந்தால் முழு வட்டைக்கும் கேடு என்றாய். கட்டித் தொங்கவிட்டது முளைக்காதே என்று நான் இன்று காலை தக்ஷாயினியிடம் சொன்னதற்கு, குருவி கொத்திக்கொண்டு போகாதா ஐயா என்று அவள் கேட்டாள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இல்லையென்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆனால் நீயும் ஒன்றை ஒளிக்காதே. நீ எழுதிய கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு ஒரு மாதமாக வாசித்தவன் நான். அந்தத் தீவுகளில் இந்த ஓட்ஸ் அழியாமல் இருந்ததற்குக் காரணம், ஒருத்தன் காணியில் போனால் அடுத்தவன் வீட்டில் வாங்கி விதைத்ததுதான், வீட்டுக்கு வீடு கை மாறிக் கலந்ததால்தான் இத்தனை விதம் வந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். அவர்கள் செய்தால் பாதுகாப்பு, நாங்கள் செய்தால் களவா? அந்தத் தீவுக் கிழவர்களின் பெயரெல்லாம் கட்டுரையில் இருக்கிறது, வெள்ளத்துக்குள் இறங்கி வரம்பு கட்டினவன் அதில் பெயரில்லாமல் மட்டக்களப்பில் ஒரு விவசாயி. இருக்கட்டும்.

நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். இன்று காலை தக்ஷாயினியோடு நிலையத்தார் வந்து காணியில் மிச்சம் நின்ற கதிர்களை வகை வகையாக எடுத்துக்கொண்டு, பயிர்த் தாளைப் பிடுங்கிக் குவித்தார்கள். நெருப்பு வைக்கத் தயங்கினார்கள், நானே வைத்தேன். காணி என் கையெழுத்துக்கு உட்பட்டது, அதனால் வைத்தேன். வீடுகளில் கட்டியதற்கு நான் கையெழுத்து வைக்கவில்லை. அதை நான் போய்க் கேட்க மாட்டேன். கேட்டால் இனி என் கையால் ஒரு பிடி கதிர் வாங்க இந்த ஊரில் யார் வருவார்கள்? உன் பதவிக்கு ஒரு பெயர் இருப்பது போல எனக்கு இருப்பது அது ஒன்றுதான். நம் வீட்டு வாசலிலும் ஒரு பிடி தொங்குகிறது, அதையாவது தாங்க என்று தக்ஷாயினி கேட்டாள். அதையும் கொடுக்கவில்லை. வீடு பெண்பிள்ளைக்கு என்பது நம் பக்கத்து வழக்கம், நீ கலியாணம் கட்டு, கட்டாமல் இரு, இது உன் பேரில் எழுதியாயிற்று. நிலையில் கட்டியதை அவிழ்ப்பதென்றால் வீட்டுக்காரி வந்து அவிழ்க்க வேண்டும், குடியிருக்கிறவன் கை வைக்க மாட்டான். மற்ற வீடுகளும் அப்படித்தான். பையோடு வேறு யாரும் வந்து கேட்டால் அது பறிப்பு. நீ வந்து வாசலில் நின்று, இது எனக்குத் தேவைப்படுகிறது தாங்க என்றால் ஒருவரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், சீதேவிப்பிள்ளை முதலில் தருவா. ஆறு வருடமாக வர நேரமில்லை என்கிறாய். உன் இடம் போய்விடும் என்று பயந்தால் அதற்காகவாவது வா.

தக்ஷாயினி திங்கட்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். படலையைப் பூட்ட மாட்டேன், தேத்தண்ணி கொடுப்பேன், கதிர் கொடுக்க மாட்டேன். குருவிக்காக நம் வாசலில் ஒரு வலைத் துண்டு சுற்றியிருக்கிறேன், மற்ற வீடுகளுக்கும் நாளை சுற்றிக் கொடுப்பேன், அவ்வளவுதான் என்னால் இறங்க முடியும். அவளுக்கு மறுமொழி அனுப்ப முன் அம்மாவுக்குப் போன் எடுத்துப் பேசு, என்னைப் பற்றி அல்ல, வேறு ஏதாவது பேசு. காதை மூடிக் கட்டிக்கொண்டு வெளியே போ. உன் போக்கையும் வரவையும் ஆண்டவர் காக்கட்டும். போக்கை அவர் குறையில்லாமல் காத்துவிட்டார்.

இப்படிக்கு,
உன் அப்பா
அல்பேட்