விட்டுப்போன ஒரு மணி

அன்பு அக்கா மகளுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். எட்டாவதோடு நின்றவன் பேச்சை யார் கேட்டீர்கள்? நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து உன் பேரையே எடுக்காத உன் அம்மா, நீ குரோஷா ஊசியில் பின்னி அனுப்பிய மணிமாலையை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“மணியெல்லாம் நூல்ல கோத்துட்டுத்தான் பின்னணும். இவ ஒண்ணை விட்டுட்டாடா. இனி பிரிச்சாத்தான் சேரும்.”

“குறை கண்டுபிடிக்க உன்னை விட்டா ஆளில்லக்கா” என்றேன்.

பிரித்தாள். தன் டப்பாவிலிருந்து ஒரு மணி சேர்த்து மறுபடி பின்னி, கழுத்தில் போட்டுக்கொண்டாள். அழுதாள் பார், குடம் வைத்திருந்தால் நிரம்பியிருக்கும். “அவளை வரச்சொல்லுடா” என்றாள்.

அந்த ‘வரச்சொல்லு’ மட்டும் என் கைச்சரக்கு, கண்ணு. அவள் கேட்டது இதுதான்: “இவ்ளோ இறுக்கிப் பின்னியிருக்காளே, விரல் வலிக்காதாடா அவளுக்கு?” எனக்கென்ன தெரியும், நீயே வந்து சொல்லு.

உன் மாமா